பகல் ஒன்று இருபத்திரண்டு

அந்த வாரம் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்வாள். எழுந்தால் தண்ணீர் எந்திரம் வரைக்கும் போய், குடிக்காமலே திரும்பி வருவாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் சாவி. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையோடு சரி.

பெயர் வந்த கதை பெரிய கதை ஒன்றும் இல்லை. கண் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கும் மென்பொருளை எழுதுகிற குழு அது. எழுதியதெல்லாம் ஒரு பழைய சர்வரில் கிடந்தது. எந்த வரியை யார் மாற்றினார், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் அது பதிந்து வைத்துக்கொள்ளும். ஒருவர் ஒரு கோப்பை எடுத்தால், திருப்பி வைக்கிறவரை மற்றவர்களுக்குப் பூட்டு. எடுத்தவர் காய்ச்சல் என்று வீட்டில் படுத்துக்கொண்டால் தொலைந்தது, மற்றவர்கள் இவள் மேஜைக்கு வந்து தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டும். பூட்டைத் திறக்கும் உரிமை கடந்த ஆறு வருஷமாக இவள் கையில்தான்.

இப்போது அந்த முறையையே தூக்கிவிட்டுப் புது முறைக்குப் போகிறார்கள். அதில் பூட்டே கிடையாது. ஆளுக்கு ஒரு முழுப் பிரதி, அவரவர் பாட்டுக்கு மாற்றிவிட்டுக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம். மாற்றிக் கொடுக்கிற பொறுப்பும் சாவி தலையில்தான் விழுந்தது. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பழைய சர்வரை அணைத்துவிடுவார்கள். இனி இவளுக்கு வேறு பெயர் பார்க்க வேண்டும் என்று ஆளாளுக்குக் கேலி செய்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். இன்றைய நிலையை மட்டும் எடுத்தால் போதும், பதினாலு வருஷத்துப் பழைய மாற்றங்களைக் கட்டிக்கொண்டு யார் அழுவது? வீடு மாறும்போது பழைய செய்தித்தாளையா தூக்கிக்கொண்டு போகிறோம்? கேட்டது நியாயம்தான். ஆனால் அந்தப் பதினாலு வருஷக் குப்பைக்குள் அவள் மாற்றிய ஒரு வரி இன்னொருவர் பெயரில் கிடந்தது. சர்வரை அணைத்துவிட்டால் அது அவர் பெயரிலேயே செத்துப்போகும்.

அவரை எல்லோரும் மறதி என்பார்கள். கீழ்த்தளத்தில் மருத்துவமனைகளிலிருந்து வரும் தொலைபேசிப் புகார்களுக்குப் பதில் சொல்கிறவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு காலத்தில் இந்தக் குழுவிலேயே கெட்டிக்காரர். சட்டைப் பையில் எப்போதும் துண்டுச் சீட்டுகள் வைத்திருப்பார். அடுப்பை அணைத்தாயிற்று, கதவைப் பூட்டியாயிற்று என்று காலையில் எழுதிக்கொண்டு கிளம்புவாராம். மனிதர் பாதி வழியில் நின்று அதை எடுத்துப் படிப்பதைப் பார்த்தவர்கள் உண்டு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், சாவி வேலைக்குச் சேர்ந்து ஐந்தாவது மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு கோப்பு அவர் பூட்டில் இருந்தது, அவரோ சாப்பிடப் போயிருந்தார். இவளுக்கு அவசரம். அவர் கணினியிலேயே உட்கார்ந்து, ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவே விட வேண்டிய பதினைந்து நிமிஷத்தைச் சோதனைக்காக ஒரு நிமிஷமாக்கினாள். சோதனை முடிந்ததும் கோப்பைச் சேர்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். ஒன்றைத் திரும்பப் பதினைந்தாக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை ஒரு மருத்துவமனைக் கூடத்தில் ஒரு மணி நேரத்துக்குள் நான்கு டாக்டர்களுக்குமாக இருநூறு பேர் கண்ணில் மருந்தை விட்டுக்கொண்டு, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு நின்றார்கள். கதவுக் கண்ணாடி உடைந்தது.

விசாரணைக் கூட்டத்தில் இவள் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார். காலையில் நான் ஒரு நிமிஷம் வைத்துத்தான் சோதித்தேன், திருப்பி மாற்ற மறந்திருப்பேன் என்றார். பதிவில் அவர் பெயர்தான் இருந்தது. மாற்றிய நேரத்தை யாரும் பார்க்கவில்லை. இவள் பார்த்தாள். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவரைக் கீழே அனுப்பினார்கள், மறதி என்ற பெயரும் கூடவே இறங்கிப் போனது. அன்பாகத்தான் கூப்பிட்டார்கள், அதுதான் கொடுமை.

புதன்கிழமை காலையில் வீட்டில் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே பாலைப் பொங்க விட்டாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். அடுப்பைத் துடைத்துக்கொண்டே என்ன விஷயம் என்று கேட்டார். பழைய பதிவுகளைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள்.

"பழைய லிஃப்டையே கழட்டிப் போட்டாலும் சர்வீஸ் நோட்டை நாங்க போட மாட்டோம். கடைசியா கை வச்சது யாருன்னு தெரியணும்ல?"

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. சாவிக்குத்தான் சுருக்கென்றது. அன்றைக்கே மேலாளரிடம் போய், பழைய மாற்றங்களையும் நானே கொண்டு வருகிறேன், வேலை தள்ளிப்போகாது என்றாள். உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்றார் அவர். பிறகு, நான்கு மணிக்கு மேல் ஒரு நிமிஷம் தரமாட்டேன் என்று ஒப்புக்கொண்டார்.

கொண்டு வருவதற்கு ஒரு பட்டியல் தேவை. பழைய சர்வரில் இருக்கும் ஒவ்வொரு சுருக்கப் பெயருக்கும் எதிரே அந்த ஆளின் முழுப் பெயரை எழுத வேண்டும். முப்பத்தொரு பேர். தனியாக ஒரு மாற்றத்துக்கு மட்டும் வேறு பெயர் போடவும் வழி உண்டு. வியாழக்கிழமை முழுக்க அந்த ஒரு மாற்றத்துக்கு எதிரே தன் பெயரைப் போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். புது முறையில் எந்த வரியையும் சொடுக்கினால் அதைத் தொட்டவர் எல்லோர் பெயரும் வரும். திங்கட்கிழமை யாராவது சொடுக்குவார்கள், அப்புறம் எந்த முகத்தோடு இங்கே நடமாடுவது? அழித்தாள்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மறதி படியேறி வந்தார். அவள் மேஜைக்கு அவர் வந்து வருஷக்கணக்காகிறது. நின்றுகொண்டே, பழையதையெல்லாம் கொண்டு வருகிறாயாமே என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

"அந்த ஒரு வருஷத்தை மட்டும் விட்டுட முடியுமா, சாவிம்மா? புதுசா வர்ற பசங்க எல்லாரும் அதைப் பாப்பாங்க. எனக்கு ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு."

அவள் அந்தப் பதிவைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நேரத்தைப் பாருங்கண்ணா."

பார்த்தார். பகல் ஒன்று இருபத்திரண்டு.

"இந்த நேரத்துல நான் சாப்பிட்டுட்டு இருப்பேன்," என்றார் மெதுவாக. ஒன்றிலிருந்து இரண்டு வரை அவர் சாப்பாட்டு அறையை விட்டு எழுந்ததில்லை, அது ஊருக்கே தெரியும்.

"உங்க சீட்ல உக்காந்து மாத்தினது நான்தான். திருப்பி மாத்தாம போனதும் நான்தான். அன்னிக்கே தெரியும்ணா எனக்கு."

அவர் கத்துவார் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் தேவலை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்போ நான் மறக்கலையா?"

"இல்லண்ணா."

"என் பேத்திக்கு ரெண்டு வயசாகுது. இது வரைக்கும் அரை மணி நேரம் அவளை என்கிட்ட தனியா விட்டதில்ல என் பொண்ணு. அப்பா எங்கயாவது விட்டுட்டு வந்துடுவாருன்னு பயம். நானும் சரின்னுதான் இருந்தேன்." திரையைக் கைகாட்டினார். "இதுல மாத்திடுவ. அதை எதுல மாத்துவ?"

அவள் மன்னிப்புக் கேட்டாள், அது காற்றோடு போனது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த மாற்றத்துக்கு எதிரே தன் முழுப் பெயரை அடித்தாள், எழுத்து எழுத்தாக. இந்த முறை அழிக்கவில்லை. மாற்றும் நிரலை ஓட விட்டாள். வருஷங்கள் வரிசையாகத் திரையில் ஏறின.

அவர் கைபேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. அந்த ஆஸ்பத்திரி விஷயம் இருக்குல்ல, அதை நான் மறக்கலையாம். வேற ஒருத்தர் பண்ணினதாம்... இல்லம்மா, நானா சொல்லலை, இங்க பதிவாகியிருக்கு... நல்லாத்தான் இருக்கேன்."

மறுமுனையில் மகள் ஏதோ கேட்டாள். இரண்டாவது முறை சத்தமாகக் கேட்டது சாவி காதிலும் விழுந்தது. அப்பா, காலை மாத்திரை போட்டீங்களா என்று கேட்டாள்.

"போட்டேன்," என்றார் அவர். சொல்லிவிட்டு, சட்டைப் பையில் கையை விட்டு காலையில் எழுதிய சீட்டைத் தேடினார்.