சங்கு ஊதியதும் மலையிறங்கியவர்கள்

போன ஞாயிறு காலை பூங்காவில் நடந்துகொண்டிருந்தேன். மரத்தடியில் பெருக்கிக் குவித்த சருகுக்கு யாரோ தீ வைத்திருந்தார்கள். புகை நெடி மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று கண் தேடியது. பெருக்குகிற அம்மா, "ஏனுங்க, பொகை ஒத்துக்காதுங்களா?" என்றார். ஒத்துக்கொள்ளும்தான். ஆனால் ஒரு கோடையில் புகைக்குப் பயந்து சம்பளம் வாங்கியவன் நான். வேலை தற்காலிகம், பயம் மட்டும் நிரந்தரமாகிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், பி.எஸ்சி. முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, காந்திபுரத்தில் பஸ் ஏறி இறங்குவதையே தொழிலாகச் செய்துகொண்டிருந்தேன். வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசாங்கம் காட்டில் வேலை தருகிறதாம் என்று சேதி கொண்டுவந்தவன் ஜெயசீலன். கூடப் படித்தவன், பக்கத்து வீட்டுக்காரன். எங்கள் அப்பாக்கள் மில் தொழிலாளிகள். நாங்கள் மில் லைன் வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். காடு என்றதும் எனக்குத் தொப்பி, பைனாகுலர், ஜீப்பெல்லாம் கற்பனையில் வந்துவிட்டன. கையில் கொடுத்தது மண்வெட்டி.

மேற்கே மலைச்சரிவில் புல்லையும் புதரையும் வெட்டி, சருகை அள்ளி, ஒரு லாரி போகிற அகலத்துக்கு மொட்டைத் தரையாகக் கோடு இழுக்க வேண்டும். அதற்குப் பெயர் பயர் லைன். ஒரு பக்கம் தீப்பிடித்தால் மறுபக்கம் தாண்டாது. உள்ளங்கைத் தோல் உரிந்து, வீட்டில் ஸ்பூனால் சாப்பிட்டேன். "ஆபீசர் ஆயிட்டானாட்ட இருக்குது" என்றாள் அம்மா.

கோடு முடிந்ததும் காவல். மேட்டுப் பாறையில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, எங்காவது புகை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பாரஸ்ட் கார்டு ரங்கசாமி அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "கோட்டைத் தாண்டித் தீ போச்சுன்னா மொத்தப் பேரும் ஊட்டுக்குத்தான் கண்ணு. என்னையும் சேத்தி. மாத்து ஆளு பாறைக்கு வந்து உக்காந்தப்பறந்தான் நீங்க எந்திரிக்கோணும்."

எங்களுக்கெல்லாம் தீயென்றால் பயம். ஜெயசீலனுக்கு அதற்கு மேலே ஒன்று. அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட ஸ்டெல்லாவின் அப்பா, "ஈஸ்டர் வரைக்கும் வேலை நெலைச்சு நிக்கட்டும், அப்பறம் ஓலை வாசிச்சுப்போடலாம்" என்றிருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் மூன்று ஞாயிறு பெயர் வாசிப்பார்களே, அந்த ஓலை. ஆகவே ஒரு துண்டு மேகம் மலைமேல் வந்தாலும் அவனுக்கு வியர்க்கும்.

"பொகையாடா அது?"

"மேகம்டா மாப்ள."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

பாறையில் இன்னொரு இம்சை, கண்ணைச் சுற்றும் பொடி ஈ. காய்ந்த யானை லத்தியை டப்பாவில் போட்டுப் பற்றவைத்தால் அந்தப் புகைக்கு ஈ அண்டாது. ஆமாம், தீயைக் காவல் காக்க நெருப்போடு போனவர்கள் நாங்கள். லத்தி வெளியே அணைந்ததுபோல் இருக்கும், உள்ளே கனிந்துகொண்டே கிடக்கும். கிளம்பும்போது மண் போட்டு மூடியாக வேண்டும்.

அடிவாரத்தில் ஒரு மில் இருந்தது. சாயங்கால ஷிப்டு மாறச் சங்கு ஊதும். எங்கள் வீடுகளில் உலை வைத்ததும் எங்களைப் பள்ளிக்கு எழுப்பியதும் அப்படியொரு சங்குதான். அந்தச் சத்தம் மூளைக்குப் போகாமல் நேராகக் காலுக்குப் போகும். ஊதியதும் சோறு கொண்டுபோன தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவோம். மாற்று ஆட்களும் மில் வீட்டுப் பிள்ளைகள்தானே, சங்கு கேட்டுத்தான் கீழிருந்து புறப்படுவார்கள். பாதிவழியில் ஓடைப் பாறையில் சந்தித்துச் சிரித்துப் பேசிக் கலைவோம். அவ்வளவு நேரம் மலைமேல் ஒருவருமில்லை என்பது யாருக்கும் உறைக்கவே இல்லை.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள், ஈஸ்டருக்கு இன்னும் எட்டே நாள். ஓடைப் பாறையில் மாற்றுக்கு வந்தவன் ஜெயசீலனைச் சீண்டினான்: "ஏனுங் மாப்ள, ஓலை வாசிக்கறன்னைக்கு எங்களுக்குப் பிரியாணி உண்டுங்களா, இல்லை வெறும் கலர் சோடாதானுங்களா?" சிரித்தபடி நிமிர்ந்த ஜெயசீலன் முகம் அப்படியே நின்றது. எங்கள் மேட்டுக்குப் பின்னால் பழுப்பாகப் புகை. இந்தத் தடவை மேகமில்லை.

"லத்திய மூடுனயாடா?" என்றேன்.

"மூடுனேன்." கொஞ்சம் கழித்து, "மூடுனேன்னுதான் நெனைக்கறேன்."

நான்கு பேரும் ஓடினோம். ஜெயசீலன் மட்டும் மூச்சுக்கு மூச்சு ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தான். மேலே போய்ப் பார்த்தால் டப்பா மண் மூடிச் சில்லென்று கிடந்தது. தீ மறுசரிவிலிருந்து ஏறி வந்திருக்கிறது. வைத்தது யாரோ. நாங்கள் செதுக்கிய கோட்டின் ஓரம் வரைக்கும் வந்து, தின்ன ஒன்றுமில்லாமல், படுத்து அணைந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒரு புல்கூடக் கருகவில்லை. ஜெயசீலன் மொட்டைத் தரையில் உட்கார்ந்து மண்ணைத் தடவினான். "தாண்டலைடா" என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான்.

புதன்கிழமை பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் காய்ந்த மஞ்சள், நடுவில் கோடு. வெகுநேரம் பார்த்தார். "தீ வந்தப்ப இங்க யார் இருந்தது?" என்றார். ரங்கசாமி அண்ணனுக்குப் பொய் வராது. "ஒருத்தரும் இல்லீங்க" என்று தலை குனிந்தார். முடிந்தது என்று நினைத்தோம். அதிகாரிக்கோ கோபமே இல்லை, முகமெல்லாம் சந்தோஷம். "ஆளில்லாமலே நின்னிருக்கு பாருங்க. அப்புறம் எதுக்கு இத்தனை பேர்?"

புனித வெள்ளிக்கு முன்பே காவல் வேலை நின்றது. சேதி சொல்ல வந்த ரங்கசாமி அண்ணன் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "ரொம்ப நல்லா வெட்டிப்போட்டீங்க கண்ணுகளா. அதுதான் தப்பாப் போச்சு."

ஸ்டெல்லாவுக்கு அந்த வருடமே ஓலை வாசித்தார்கள், ஈரோட்டுக்காரர் ஒருவர் பெயரோடு. ஜெயசீலன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனான்.

பயர் லைனை வருடாவருடம் செதுக்க வேண்டும். அடுத்த வருடம் அந்தச் சரிவுக்கு யாரும் மண்வெட்டியோடு போகவில்லை. சமீபத்தில் அவனும் நானும் போய்ப் பார்த்தோம். உண்ணிச்செடி மலை முழுக்க மூடிக் கிடந்தது. "இங்கதான்டா நின்னுச்சு" என்று அவன் ஓரிடத்தைக் காட்டினான். நான் வேறோர் இடத்தைக் காட்டினேன். கொஞ்சநேரம் வாதாடிவிட்டு இரண்டு பேரும் கையை இறக்கிக்கொண்டோம். எந்தப் பக்கம் எரிந்தது, எந்தப் பக்கம் பிழைத்தது என்று சொல்ல அங்கே ஒன்றுமே இல்லை.