அறுபதில் தொடங்கும் அதிர்வு

வண்டி அதிர்கிறது என்று முதலில் சொன்னது என் மனைவிதான். நான் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன். வட்டகொடைப் பக்கத்துத் தோட்டங்களில் லீக்ஸ், கோவா, கரட் என்று மரக்கறி ஏற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுபோகிறவன். அப்படிப்பட்ட எனக்கு வண்டியைப் பற்றி அவள் சொல்வதா? ரோடு அப்படி என்றேன். எங்கள் ரோட்டின் தலையில் எந்தப் பழியையும் போடலாம், அது மறுத்துப் பேசாது.

ஆனால் அவள் சொன்னது சரி. அவள் வண்டிக்குள் செருப்போடு ஏற மாட்டாள். முன்னால் முருகன் படம் இருக்கிற வண்டி, அதில் எப்படிச் செருப்போடு ஏறுவது என்பாள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேர் இன்றைக்கும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள். தகரத்தில் வெறுங்காலை வைத்து உட்காருகிறவளுக்கு, சப்பாத்துப் போட்ட எனக்குத் தெரியாததெல்லாம் தெரிந்தது.

தெரிந்தது மட்டுமல்ல, வலித்தது. தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு மலையிலிருந்து இறங்கும்போது தண்ணீர் வடிகிற கானுக்குள் சறுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு இடுப்புக்குக் கீழே நரம்பு நசுங்கிக் கிடக்கிறது. வண்டியின் நடுக்கம் பாதத்தில் ஏறி முதுகுத்தண்டில் போய்க் குத்தும். பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். கண்டியில் ஆபரேசனுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். நுவரெலியா கிளினிக் டொக்டர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். காலில் உணர்ச்சி இருக்கும்போதே ஆபரேசன் செய்தால் நடை மிஞ்சும். உணர்ச்சி போய்விட்டால் அப்புறம் கத்தி வைத்தும் பெரிய பலன் இருக்காது. மரத்துப்போனால் அன்றைக்கே வாருங்கள், காத்திருக்க வேண்டாம் என்றார்.

ஆபரேசனை என்னால் முன்னுக்கு இழுக்க முடியாது. வண்டியையாவது சரி செய்யலாமே என்று தலவாக்கலையில் ஒரு கராஜுக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கிற பாஸுக்கு எல்லா மெக்கானிக்குக்கும் உள்ள வியாதி இருந்தது, தெரியாது என்ற சொல் வாயில் வராது. "டயர் தாண்ணே" என்றான் பார்த்த உடனே. முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்றினோம். அதிர்வு இருந்த இடத்திலேயே இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவன் உருப்படியான கேள்வி கேட்டான். ஸ்டியரிங் ஆடுதா, சீட் ஆடுதா? எத்தனை வேகத்தில் தொடங்குது? ஸ்டியரிங் ஆடினால் கோளாறு முன்சக்கரத்தில், சீட்டும் தரையும் ஆடினால் பின்னுக்கு. எங்கள் பக்கத்தில் அறுபதில் போக ஒரு நேர்த்துண்டு ரோட்டைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. லிந்துலை தாண்டி ஒரு துண்டு இருக்கிறது, எதிரே பஸ் வராமல் இருந்தால். அதில் அவளை உட்கார வைத்து ஓட்டினேன்.

"இப்பத் தொடங்குதுங்க" என்பாள். முள் அறுபதில் நிற்கும். வேகத்தைக் குறைத்தால், "விட்டுருச்சு." இறக்கத்தில் கியரை விடுவித்து வண்டியைச் சும்மா உருள விட்டாலும், "இருக்குங்க, இருக்கு." அப்படியானால் இன்ஜினில் கோளாறு இல்லை. ஏற்றத்தில் மிதித்தால், "ஐயோ, மெதுவா." அவளுக்கு நோகும் என்று தெரிந்துகொண்டே ஓட்டினேன். அவளும் தெரிந்துகொண்டேதான் உட்கார்ந்தாள். நடுவில் ஒருமுறை, "டொக்டரவிட நீங்கதான் என்னைய நல்லாச் சோதிக்கிறீங்க" என்று சிரித்தாள்.

பாஸ் வண்டிக்கு அடியில் படுத்தான். கியர்பெட்டியிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீளமான சாஃப்டைக் கையால் பிடித்துத் திருகினான். டிக் டிக் என்றது. அதை இணைக்கும் ஜொயின்ட்டைச் சுற்றி மிளகாய்த்தூள் தூவிய மாதிரித் துரு.

"முன்னுக்கு இந்த வண்டிய வச்சிருந்தவன் மரக்கறி ஏத்தினவன்தானே? பின்னுக்கு ஸ்பிரிங் தட்டு ரெண்டு கூடப் போட்டிருக்கான். பின்பக்கம் ஒசந்திருச்சு, சாஃப்ட் கோணலா சுத்துது, ஜொயின்ட் தேஞ்சிருச்சு."

பாரம் ஏற்றுகிற எல்லாரும் இங்கே செய்கிற வேலை அது. தட்டைக் கழற்றினால் கோவா மூட்டையோடு வண்டி குந்திவிடும். ஜொயின்ட்டை மட்டும் மாற்றச் சொன்னேன்.

இதெல்லாம் நடந்து முடியத் தை பிறந்துவிட்டது. புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்துக் கிடக்கிற காலம். அந்தக் குளிரில் எங்கள் ஊரில் யாருக்குத்தான் கால் விரல் தெரிகிறது? விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பெண்கள் அடுப்புக்கு முன்னால் காலை நீட்டிச் சூடு காட்டிவிட்டுத்தான் வெளியே இறங்குவார்கள்.

புது ஜொயின்ட் போட்ட மறுநாள் அவளை ஏற்றிக்கொண்டு அதே நேர்த்துண்டுக்குப் போனேன். ஐம்பது. ஐம்பத்தைந்து. அறுபது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"போச்சுங்க!" என்றாள். "சுத்தமாப் போச்சு! தொட்டில் மாதிரி இருக்கு."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் என் சீட் அதிர்ந்துகொண்டிருந்தது. முன்பைவிடக் குறைவுதான், ஆனாலும் இருந்தது. என்னைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "பொய் சொல்லாத" என்றேன்.

"சாமி சத்தியமா இல்லைங்க."

கண்ணைத் திறந்தாள். அவள் பக்கத்துக் கண்ணாடி நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் தெரிந்த தேயிலை மலை முழுவதும் கலங்கிக் கலங்கித் தெரிந்தது. அவள் அதையே பார்த்தாள். பிறகு குனிந்து காலைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வலது பாதத்தைத் தூக்கி மடியில் வைத்து, பெருவிரலைக் கிள்ளினாள். நகம் பதிந்து வெளுத்தது. இன்னும் அழுத்திக் கிள்ளினாள்.

நான் வண்டியை ஓரங்கட்டினேன்.

"எப்பருந்து?"

"தெரியலையே. குளிருன்னுல்ல நெனச்சேன்" என்றாள். "வலியும் கொறஞ்சிருந்துச்சு. நல்லாத்தான் ஆகுதுன்னு நெனச்சேங்க."

அங்கிருந்து நேரே நுவரெலியாவுக்கு ஓட்டினேன். டொக்டர் சிங்களவர், தன்மையான மனுசன். இரும்புக் கவை ஒன்றைத் தட்டி ரீங்காரமிட விட்டு அவளுடைய கணுக்காலில் வைத்தார். "தெனெனவாத?" என்று கேட்டார். தெரிகிறதா என்று. எனக்கு அது கராஜில் கேட்ட கேள்வி போலவே கேட்டது. அவள் இல்லையென்று தலையாட்டினாள். முழங்காலில் வைத்தார். இல்லை. மற்றக் காலுக்குப் போனார். அவள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் யோசித்து, பரீட்சையில் விடை தேடுகிற பிள்ளை மாதிரி முயற்சி செய்துவிட்டுத்தான் இல்லையென்றாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

கண்டிக்கு எழுதிக் கொடுத்தார், அவசரம் என்று போட்டு, விடிந்ததும் முதல் வேலையாகப் போகச் சொல்லி. கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆபரேசன் செய்வார்கள், மேலே பரவாமல் தடுக்கலாம், போனது திரும்புமென்று நினைக்க வேண்டாம் என்றார். அவளுக்கும் அவ்வளவு சிங்களம் புரியும்.

அவளைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்து வண்டியில் ஏற்றினேன். ஏறும்போதுதான் பார்த்தேன், செருப்பு எப்போதோ காலிலிருந்து கழன்று விழுந்திருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை. நான் போய் எடுத்துவந்தேன்.

நானுஓயா இறக்கத்தில் நாற்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்துத் தீர்த்தான். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் இப்புடி ஊர்ந்து போறீங்க? எனக்குத்தான் இனி ஒண்ணும் நோவாதே. வெரசாப் போங்க, மக ஸ்கூல் விட்டு வந்து கதவடியில நிக்கப் போவுது."

நான் மிதித்தேன். அறுபதில் வண்டி அதிரத் தொடங்கியது. அவள் ஒன்றும் அறியாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.