சுவர் நிரம்பிய சம்பந்தி

மரக்காணத்து உப்பளக்காரர் நடராசனுக்கு எந்த இடமும் சும்மா கிடந்தால் பொறுக்காது. வரப்பில் ஒரு முழம் காலியாகத் தெரிந்தாலும் தென்னங்கன்று நட்டுவிடுவார். உப்புத் தண்ணீரில் அது கருகிப்போகும். அடுத்த வருஷம் இன்னொன்று நடுவார். திருவிழா நோட்டீஸில் தன் பெயரைச் சுற்றி வெள்ளையாக இடம் விட்டுவிட்டார்கள் என்று அச்சகம் வரை போய்ச் சண்டை போட்டவர்.

2005 மழையில் உப்பளம் முழுக்கத் தண்ணீர் நின்று வேலை ஓய்ந்திருந்த சமயம், இரும்பை பக்கம் குடியிருந்த ஒரு வெள்ளைக்காரர் சொந்த நாட்டுக்குக் கிளம்பினார். அவரிடமிருந்து ஒரு வீடியோ புரொஜெக்டரை நடராசன் வாங்கிவந்தார். ஹாலில் ஷோகேஸை நகர்த்தி, சுவருக்கு வெள்ளையடித்து, மகள் கீதாஞ்சலியின் நிச்சயதார்த்த வீடியோவைப் போட்டார். படம் சுவரின் நடுவில் விழுந்தது. இரண்டு ஓரமும் இருட்டாகவே இருந்தன.

"ரெண்டு பக்கமும் சும்மா கெடக்குதே."

"படம் அவ்ளோதாங்க. கேமராக்காரன் அப்படித்தான் எடுத்திருக்கான்," என்றாள் மனைவி தையல்நாயகி.

"செவுரு அவ்ளோ இல்லியே."

ரிமோட்டில் ஒவ்வொரு பட்டனாக அழுத்தினார். ஏதோ ஒன்றில் படம் இழுபட்டு, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை நிரம்பியது. மாப்பிள்ளை முகம் பூசணிக்காய் ஆயிற்று. தட்டில் இருந்த வாழைப்பழங்கள் தலையணை போலப் படுத்திருந்தன. நிஜத்தில் ஒட்டிய கன்னமும் எலும்புத் தோளுமாக இருக்கும் நடராசன், சுவரில் இரண்டு ஆள் அகலத்துக்கு உட்கார்ந்திருந்தார். அந்த நடராசனை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாமே அகலமாகத்தான் ஓடியது. கிரிக்கெட் பந்து முட்டையாக உருண்டது. பார்க்க வந்த எதிர்வீட்டுப் பையன் சேட்டு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணே, பிளேயருங்கல்லாம் ஊதிப்போயிருக்காங்களே?"

"அவுங்க சைஸே அதான். நீ இத்தினி நாளா சின்ன டிவில பாத்துட்ட."

சேட்டு இதை அப்படியே டீக்கடையில் போய்ச் சொன்னான். டீக்கடையும் நம்பியது.

தை பிறந்ததும் மாப்பிள்ளையின் அம்மா செல்லம்மாள் முகூர்த்தத் தேதி பேச வானூரிலிருந்து வந்தார். காபி கொடுத்து, ஜன்னலைச் சாத்தி, நடராசன் நிச்சயதார்த்த வீடியோவைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் பட்டுப்புடவை கட்டிய ஒரு உருவம் சுவரை அடைத்துக்கொண்டு நடந்துவந்தது.

"யாரு இது?" என்றார் செல்லம்மாள்.

"நீங்கதான் சம்பந்தியம்மா."

"எங்க வூட்டு வாசப்படியே இவ்ளோ அகலம் கெடையாது." குரல் இறங்கியிருந்தது. "டாக்டரு சொன்னாருன்னு நிச்சயத்துக்கு முன்னாடியிருந்தே சோத்தக் கொறச்சிகினு வர்றேன். கூப்ட்டு வச்சி கேலி பண்றீங்களா?"

"அகலமா இருந்தா வசதியாத் தெரியும்ங்க," என்று நடராசன் சமாளித்தார்.

செல்லம்மாள் காபியைக் கீழே வைத்துவிட்டுப் பையை எடுத்தார். கதவருகில் நின்றிருந்த கீதாஞ்சலிக்குக் கண் கலங்கியது. தையல்நாயகி கணவர் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கி அழுத்தினாள். படம் சுருங்கி நடுவுக்கு வந்தது. வாழைப்பழம் வாழைப்பழமாயிற்று, செல்லம்மாள் செல்லம்மாள் ஆனார்.

அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார். தன்னை நிதானமாகப் பார்த்தார்.

"இது நானு. அந்த ஓரத்துல, சட்டைய ஆணியில மாட்ன மாதிரி ஒருத்தர் நிக்கிறாரே?"

"இவருதாங்க," என்று கணவரைக் காட்டினாள் தையல்நாயகி.

மாசியில் முகூர்த்தம் முடிவானது.

படத்தை இனி இழுக்க முடியாது என்பதை நடராசன் ஒத்துக்கொண்டார். சுவர் காலியாகக் கிடப்பதை ஒத்துக்கொள்ளவில்லை. பெயிண்டரை வரவழைத்து, ஒரு ஓரத்தில் 'நடராசன்' என்றும் மறு ஓரத்தில் 'உப்பள உரிமையாளர்' என்றும் சிவப்பில் எழுதவைத்தார். இருட்டில் எழுத்து தெரியவில்லை. ஓரத்துக்கு ஒன்றாக டியூப்லைட் மாட்டினார். எழுத்து பளிச்சென்று தெரிந்தது, படம்தான் தெரியவில்லை.

கல்யாண வீடியோவைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் வெளுத்த சுவருக்கு எதிரே மரியாதையாக உட்கார்ந்து, நாதஸ்வரம் முழுவதையும் கேட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.