முடிஞ்சது என்று ஒரு பட்டியல்

முதல் நாள்

வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது, ஒருவர் பெயரை ஒரு பட்டியலிலிருந்து எடுத்து இன்னொரு பட்டியலில் போடுவது. முதல் பட்டியலுக்குப் பெயர் 'புதுசு'. இரண்டாவதற்கு 'முடிஞ்சது'.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை. இரண்டாயிரம் பிறந்த புதிது. கடைக்கு வெப்சைட் போட்டிருந்தார்கள். அதில் ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டத்தில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் வெள்ளிக்கிழமைதோறும் புதுப் புடவைகளின் படம் வரும். கனடா, சிங்கப்பூர், அமெரிக்கா என்று சில நூறு பேர் கொடுத்திருந்தார்கள். வியாழக்கிழமை படம் எடுப்பது, வெள்ளிக்கிழமை அனுப்புவது, கேள்விகளுக்குப் பதில் போடுவது என் வேலை.

நான் எட்டாவதோடு நின்றவன். லாரியில் கிளீனர், திருப்பதியில் லாட்ஜ் ரூம்பாய் என்று சுற்றிவிட்டு, பம்பாயில் ஒரு பிரவுசிங் சென்டரில் நாலு வருஷம் இருந்தேன். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல நான் அடித்துக் கொடுப்பேன். கீபோர்டு பழகியது அங்கேதான். இங்கிலீஷ் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அடிக்கச் சொன்னால் ஓடும். அந்தத் தகுதியில்தான் என்னை எடுத்தார்கள்.

மேனேஜர் பாஸ்கர், முதலாளிக்கு மச்சான். ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவர். அவர்தான் விளக்கினார்.

"கேள்வி வந்தா ஒரு மணி நேரம் தாண்டக்கூடாது சேகரு. 'டியர் மேடம்'னு ஆரம்பிச்சு பதில் போட்ரணும். பணம் வந்திடுச்சுன்னு நான் சொன்னதும் பேர இங்கேர்ந்து எடுத்து அங்க போட்ரு."

"அங்க போட்டவங்களுக்கு என்ன சார் அனுப்பறது?"

"ஒண்ணும் அனுப்பாத. அதான் முடிஞ்சுதே."

கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி தனகோட்டி காதில் இது விழுந்தது. "வித்த பொடவையப் பத்தி நம்ம வாயால பேசக்கூடாதுப்பா. எப்பிடி இருக்குதும்மான்னு கேட்டுப்பாரு, இல்லாத குறைய தேடிக்கினு வருவாங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து நம்ம கடையில இதான்."

அது கடைக்குள் மட்டும் இருந்த வழக்கமில்லை. கருட சேவைக் கூட்டத்தில் எங்கள் கடைப் புடவையைக் கட்டிக்கொண்டு ஒரு அம்மா எதிரே வந்தால், சேல்ஸ்மேன்கள் பையன் எங்கே படிக்கிறான் என்று கேட்பார்கள், பெண்ணுக்கு வரன் அமைந்ததா என்று கேட்பார்கள். புடவையின் பக்கம் மட்டும் பார்வையைத் திருப்ப மாட்டார்கள். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. லாரி கம்பெனிக்காரன்கூட சரக்கு இறங்கிய மறுநாள் எல்லாம் சரியா என்று போன் போட்டுக் கேட்பான். வருஷக்கணக்கில் பெட்டியில் வைத்துக் கட்டுகிற பொருளை விற்றுவிட்டு, அதைப் பற்றி வாயைத் திறக்காதே என்று ஒரு சட்டம்!

சாம்பல் நிறத்தில் முகூர்த்தப் புடவை

டொரண்டோவில் இருந்த வசந்தா அம்மா ஏழு மாதமாக எங்கள் வெள்ளிக்கிழமை மடலைப் படித்தவர். ஜரிகை என்ன தரம், பார்டர் தனியாக நெய்து கோர்த்ததா, துவைத்தால் சாயம் போகுமா என்று எத்தனையோ கேள்விகள். எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரத்துக்குள் பதில் போட்டேன். ஆவணியில் ஆர்டர் கொடுத்தார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மகள் கேட்டது சாம்பல் நிற உடம்பு, ராணி கலர் பார்டர். எந்தச் சாம்பல் என்று காட்ட, அவர்கள் ஊர் ஏரியை விடிகாலையில் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

முதலாளி அந்தப் படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "ஏரி கலர்ல பொடவ வேணுமாம்பா. தாமல் ஏரிக்குப் போயி ஒரு கொடம் மொண்டுக்கினு வா. சாம்பல் கலர எவனாவது முகூர்த்தத்துக்கு கட்டுவானா?" ஆனால் முழுப் பணமும் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். சாயம் போட்டு, பிள்ளையார்பாளையத்தில் முனிரத்தினம் வீட்டுத் தறிக்குக் கொடுத்தார்கள். நான் வசந்தா அம்மாவின் பெயரை 'முடிஞ்சது' பட்டியலில் போட்டேன். போட்டது இந்தக் கைதான். அதை மறைத்து எழுத எனக்கு மனசில்லை.

அதற்குப் பிறகுதான் அவரிடமிருந்து அதிகமாகக் கடிதம் வந்தது. தறி ஏற்றியாயிற்றா என்று முதலாவது. சாயம் சரியாக வந்ததா, ஒரு படம் அனுப்ப முடியுமா என்று இரண்டாவது. உடம்பு சரியில்லையா, கடை திறந்திருக்கிறதா என்று மூன்றாவது. நாலாவதில், 'என் பெண் தினமும் கேட்கிறாள், இங்கேயே வேறு புடவை தேடட்டுமா?' என்று இருந்தது.

ஒவ்வொன்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

"பணம் வந்திடுச்சா?"

"வந்திடுச்சு மொதலாளி."

"அப்புறம் என்னாத்துக்கு பதிலு? நீ ஒண்ணு எழுதுனா அவங்க ஒம்போது கேப்பாங்க. பொடவ கைக்குப் போனா தானா அடங்கிடுவாங்க."

நடந்தது இவ்வளவுதான். தறியில் நீளவாட்டில் ஓடுகிற இழைகளுக்குப் பாவு என்று பெயர். அந்தப் பட்டுப் பாவைத் தெருவில் நீள நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டுக் காயவைத்த பிறகே தறியில் ஏற்ற முடியும். அந்த வருஷம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு தெரு காயவே இல்லை. பன்னிரண்டு நாள் பாவு சுருட்டியபடியே கிடந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? மழை பெய்கிறது என்று எழுதினால் எந்த அம்மா சண்டைக்கு வருவார்? முனிரத்தினமும் அதையேதான் கேட்டார். "தெரு காயலன்னு எழுதேம்பா. மழைய நானா வரவெச்சேன்?" எழுத எனக்கு அனுமதி இல்லை என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

எல்லோருக்கும் போன ஒரு மடல்

தீபாவளிக்கு முந்தைய வாரம் பாஸ்கர் தானே ஒரு மடல் எழுதினார். 'இதுவரை எங்களிடம் வாங்காதவர்களுக்கு மட்டும் சிறப்புத் தள்ளுபடி.' கூட்டம் பெரிதாக இருக்கட்டும் என்று இரண்டு பட்டியலையும் சேர்த்து அனுப்பினார். ஏற்கனவே வாங்கியவர்களிடம் தட்டை நீட்டிக் காட்டிவிட்டு, உங்களுக்குக் கிடையாது என்று இழுத்துக்கொள்கிற வேலை. மாதக்கணக்கில் ஒரு வரி எழுதாத கடையிலிருந்து அவர்களுக்குப் போன முதல் மடல் இது! முகவரிகளை மறைத்து அனுப்பத் தனிக் கட்டம் உண்டு. அதுவும் அவருக்குத் தெரியவில்லை. எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்தால் மடல்கள் வந்து குவிந்துகொண்டே இருந்தன. ஒருவர் எழுதுவது எல்லோருக்கும் போனது. சிங்கப்பூரிலிருந்து ஒருவர், 'என் புடவையில் மடிப்பு விழுந்த இடத்தில் ஜரிகை ஒடிகிறது, மூன்று முறை எழுதினேன், கல்லுக்கு எழுதியது போல் இருக்கிறது' என்று எழுதியிருந்தார். இன்னொருவர், 'போன மாதம் முழு விலை கொடுத்தேன், புதியவருக்குத் தள்ளுபடி சரி, பழையவருக்கு ஒரு பதிலாவது உண்டா?' என்று கேட்டிருந்தார். எனக்கும் பதில் வரவில்லை, எனக்கும் வரவில்லை என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். கடைசியில் வசந்தா அம்மா எழுதியிருந்தார். 'எனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் ஆர்டரை ரத்து செய்யுங்கள்.'

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "யார்ரா இவங்களையெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் பேசவெச்சது?"

"சிஸ்டம் மிஸ்டேக் மாமா" என்றார் பாஸ்கர், கம்ப்யூட்டரைக் கை காட்டி.

"அந்த டொரண்டோ பணத்த திருப்பிடு. முனிரத்தினத்துக்கிட்ட தறியிலேர்ந்து எறக்கச் சொல்லு, வேற பாவு ஏத்தட்டும்."

"பாதிக்கு மேல நெய்ஞ்சாச்சு மொதலாளி" என்றேன்.

"நெய்ஞ்ச வரைக்கும் அவனே வெச்சுக்கட்டும். சாம்பல யாரு வாங்குவா?"

"அவருக்கு கூலி?"

"பொடவைக்குத்தாம்பா கூலி. பாதிப் பொடவைக்கு எங்கனா கூலி உண்டா?"

மழையில் காத்திருந்த நாட்களும், முனிரத்தினமும் அவர் பெண்சாதியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து நெய்த வாரங்களும் ஒரே பேச்சில் தரைமட்டம். பதில் எழுத வேண்டாம் என்றது கல்லா. அதற்கு நஷ்டப்பட வேண்டியவர் முனிரத்தினம். நாளைக்குள் போய்ச் சொல்லிவிட்டு வா என்று என்னை அனுப்பினார்கள்.

தறிமேல் படம்

அன்று மதியமே போனேன். சொல்லப் போகவில்லை, கடைக் கேமராவோடு போனேன். நெய்த வரைக்கும் புடவை தறிக்கட்டையில் சுருண்டிருந்தது. சாம்பலும் ராணியும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்க, முதலாளி சிரித்த நிறமா இது என்று நின்றேன். பார்டர் பக்கம் உட்கார்ந்து, நூல் சுற்றிய நாடாவைக் குறுக்கே தள்ளுகிற சரோஜா அக்கா, முனிரத்தினத்தின் மனைவி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எங்க மூஞ்சிய எதுக்குப்பா புடிக்கிற? பொடவைய புடி."

"அந்தம்மா ஆர்டர வேணாம்னுட்டாங்கக்கா. பாத்தா மனசு மாறுவாங்க."

இரண்டு பேரும் கையை நிறுத்திவிட்டார்கள். முனிரத்தினம் கேட்டார். "நாங்க என்னப்பா தப்பு பண்ணோம்?"

பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டருக்குப் போய், வசந்தா அம்மாவுக்கு மட்டும் தனியாக எழுதினேன். ஆங்கில எழுத்தில் தமிழ். உங்கள் நாலு கடிதமும் வந்தன, படித்தேன், பதில் போடக்கூடாது என்று எனக்கு உத்தரவு, அதற்குக் கீழ்ப்படிந்தது என் தப்பு. மழையைப் பற்றி, பாவைப் பற்றி, நெய்கிற இரண்டு பேரைப் பற்றி எழுதினேன். நீங்கள் வேண்டாம் என்றால் இந்தப் புடவை இவர்கள் தலையில் விழும் என்பதையும் எழுதினேன். மூன்று படங்களைச் சேர்த்தேன். அப்படியே சிங்கப்பூர்க்காரருக்கும், ஒரே மடிப்பில் வைக்காமல் சில மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து மாற்றி மடிக்கச் சொல்லி எழுதினேன்.

வசந்தா அம்மாவின் பதில் சீக்கிரமே வந்தது. இனிக்க இனிக்க எழுதவில்லை. 'உங்கள் கடையை நான் மன்னிக்கவில்லை. நெய்கிறவர்களை நிறுத்தச் சொல்லாதீர்கள். புடவை முடியும் வரை வாரம் ஒரு படம் எனக்கு வேண்டும்.'

அதைப் பிரிண்ட் எடுத்து முதலாளியிடம் கொடுத்தேன். ரத்து இல்லை என்று படித்ததும் முகம் மலர்ந்தது. "பாத்தியா, கத்துவாங்க, அப்புறம் அடங்கிடுவாங்கன்னு சொன்னேனா இல்லியா?" பிறகு வாரம் ஒரு படம் என்ற வரிக்கு வந்தார். "எந்தப் படம்? தறியக் காட்டினியா? நெய்யறவன் மூஞ்சியக் காட்டினியா?"

"காட்டினேன் மொதலாளி."

"அறிவிருக்குதா உனுக்கு? நாளைக்கு அந்தம்மா நேரா அவனுக்கே ஆர்டர் குடுத்தா என் கடைய நீ நடத்துவியா?"

அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. குறை சொல்வார்கள் என்கிற பயம் பாதிதான். வாங்கியவரும் நெய்தவரும் ஒருவரையொருவர் தெரிந்துகொள்வார்கள் என்பது மீதிப் பயம். அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்.

எனக்கு வேலை போவது புதிதில்லை. புடவை முடியும் வரை ஊரைவிட்டுப் போவதில்லை என்று ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். தெரிந்த ஸ்டூடியோக்காரரிடம் கேமரா வாங்கி வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு படம் அனுப்பினேன், சொந்த முகவரியிலிருந்து. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. நெய்து முடித்துப் புடவையைத் தறியிலிருந்து அறுத்த அன்று மகளும் நாலு வரி எழுதியிருந்தாள்.

மின்னஞ்சல் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பணம் கட்டாதவர் உங்கள் மடலைப் படித்தாலும் படிப்பார், விட்டாலும் விடுவார். பணம் கட்டியவர்தான் நாளுக்குப் பத்து தடவை பெட்டியைத் திறந்து பார்க்கிறார். அந்த நேரத்தில் அவருக்கு எழுதாமல், முன்பின் தெரியாதவருக்கு 'டியர் மேடம்' எழுதிக்கொண்டிருப்பது வியாபாரம் இல்லை. என்ன பெயர் வைத்தாலும் அது மரியாதைக் குறைவு. எழுதுவதற்கு விஷயம் தேட வேண்டாம். அவருடைய பொருள் இப்போது எங்கே இருக்கிறது, ஏன் தாமதம், வந்தபிறகு எப்படி வைத்துக்கொள்வது, இது போதும். தள்ளுபடி கொடுத்தால் அவரை வாசலில் நிறுத்தாதீர்கள்.

தை மாதம் கல்யாணப் படம் வந்தது. பெரிதாகப் பிரிண்ட் போட்டு முனிரத்தினம் வீட்டுக்கு எடுத்துப்போனேன். அவர் பார்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். சரோஜா அக்காதான் படத்தைப் பிடுங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"கொசுவத்தப் பாரு, அரிசி மூட்டைய கட்டுனாப்புல கட்டி வுட்டுக்கீறாங்க. அந்த ஊர்ல பொடவ கட்டிவுட ஒரு பொம்பள கெடைக்கலியா?"

அதை அப்படியே வசந்தா அம்மாவுக்கு எழுதினேன். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது என்று பதில் எழுதி, முனிரத்தினம் வீட்டு முகவரியைக் கேட்டார். முதலாளி பயந்தது நடக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டே கொடுத்தேன். சில வாரம் கழித்து அந்த வீட்டுக்குத் தபாலில் ஒரு கவர் வந்தது. ஆர்டர் இல்லை. மகளும் மருமகனும் அந்த ஏரிக்கரையில் நிற்கிற படம், பின்பக்கம் தமிழில் இரண்டு பேருக்கும் நன்றி என்று ஒரு வரி. இதற்குப் பயந்துதான் ஒரு கடை, தன்னிடம் வாங்கிய அத்தனை பேரிடமும் வாயை மூடிக்கொண்டிருந்தது.