கேட்டுவிட்டுப் பேசிய பெட்டி

வெள்ளகோவில் பழனியாத்தாளுக்கு உக்கடம் பஷீர் மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். கைமாற்றாக வாங்கியதல்ல, அவரால் எரிந்துபோன மோட்டாருக்கான காசு.

தொண்ணூற்று நான்கில் ரேடியோ என்றால் கோவையில் பஷீர்தான். படிப்பு ஆறாவதோடு நின்றது, கை நிற்கவில்லை. பட்டம் வாங்கியவர்கள் உதட்டைப் பிதுக்கிய செட்டை, டீ ஆறுவதற்குள் பேச வைத்துவிடுவார். மிகையில்லை, டவுன்ஹாலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வீட்டில் இருந்தபடியே கிணற்று மோட்டாரைப் போடும் ஒயர்லெஸ் பெட்டியை அவரே யோசித்துச் செய்தார். பதினோரு பெட்டி விற்றார். பதினொன்றுக்கும் ஒரே அலைவரிசை, அங்கேதான் கெட்டது. பக்கத்துத் தோட்டத்துத் திருமலைசாமி தன் பொத்தானை அமுக்க, பழனியாத்தாளின் மோட்டாரும் சேர்ந்து ஓடியது. அன்று அவள் கிணறு வறண்டு கிடந்தது. மோட்டார் கருகிவிட்டது.

தப்பு தன்னுடையது என்று பஷீர் ஒத்துக்கொண்டார். ஆனால் காசு புரள வேண்டுமானால் பெட்டி விற்க வேண்டும். விற்க உரிமம் வேண்டும். பெட்டியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மெட்ராஸுக்கு ரயிலேறினார். ஒயர்லெஸ் அதிகாரி அரங்கசாமி, உரிமம் இல்லாமல் விற்றதற்கு முதலில் அவரை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். அவர் மூச்சு விட்ட இடத்தில் பஷீர் புகுந்தார்.

"ஊட்டு வாசல்ல நின்னு 'ஏனுங்க'ன்னு கொரல் குடுத்துட்டுத்தானுங்க உள்ள போறோம். நான் செய்யப்போற பொட்டியும் அப்படித்தானுங்க. மொதல்ல காது குடுத்துக் கேக்கும். ஒரு அலைவரிசைல ஆள் பேசுனா, காலியா இருக்கறதுக்கு நவுந்துக்கும்."

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னார். மூன்று மாதச் சோதனைக்கு ஐந்து அலைவரிசைகள் கிடைத்தன. பழைய பெட்டிகளை நிறுத்த வேண்டும். மோட்டார் போடும் ஒவ்வொரு தடவையும் குறிக்க வேண்டும். ஒரு மோட்டார் தப்பாக ஓடினாலும் அனுமதி ரத்து.

சோதனைக்குக் கிணறு கொடுத்தது, கைக்காசில் புது மோட்டார் மாட்டியிருந்த பழனியாத்தாளேதான்.

"ஒண்ண எரிச்சுப்போட்டீங்க பாய். இதும் எரிஞ்சா உங்களத்தான் கெணத்துல எறக்கித் தண்ணி எறைக்கச் சொல்லுவனுங்க."

எழுதத் தெரியாதவள், பொத்தானை அமுக்கும்போதெல்லாம் சுவரில் ஒரு கரிக்கோடு இழுத்தாள். மூன்றாம் மாதம் அரங்கசாமி நேரில் வந்து கோடுகளை எண்ணினார். இருநூற்றுப் பதினான்கு. மோட்டார் எத்தனை தடவை ஓடியது என்று காட்டும் மீட்டரிலும் அதே எண்.

பிறகு, இன்னொரு புதுப் பெட்டி வைத்திருந்த திருமலைசாமியைத் தன் பொத்தானை அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். பழனியாத்தாளின் மோட்டார் அசையவில்லை. அவர் பிடித்தபடி இருக்க, அவளையும் அமுக்கச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. பெட்டி காலி அலைவரிசை தேடிய நேரம் இரண்டு நொடிதான். பஷீருக்கு அது ஒரு யுகம். குழாய் ஒருமுறை செருமிவிட்டுத் தண்ணீரைக் கக்கியது.

"கேட்டுட்டுத்தான் பேசுது," என்றார் அரங்கசாமி.

இன்று செல்போனிலேயே மோட்டார் போடுகிறார்கள். ஆனாலும் அந்த இரண்டு நொடியை நினைத்தால் பஷீருக்கு இப்போதும் நெஞ்சு நிமிரும். அப்படி ஒரு காலம் அது.

சோதனை முடிந்ததும் உரிமம் வந்தது. முதல் ஆர்டர் காசு வீட்டுக்குப் போகவில்லை, வெள்ளகோவில் பஸ் ஏறியது. பழனியாத்தாள் முந்தானையில் ஈரக்கையைத் துடைத்துவிட்டு நீட்டினாள். விரிந்த அந்த உள்ளங்கையில் பஷீர் நூறு நூறாக, வாய்விட்டு எண்ணி, முப்பத்தெட்டுத் தாள்களை வைத்தார்.