நான் குழுவில் போட்ட ஜெப விண்ணப்பம்

போன பிப்ரவரியில் என் மகள் எங்களோடு பேசுவதை நிறுத்தினாள். இருபத்து மூன்று நாள். கர்த்தர் அந்த வாயை எப்படித் திறந்தார் என்று சபையார் அறியவே இதை எழுதுகிறேன். இதில் என் தவறும் இருக்கிறது. மறைக்கப் போவதில்லை.

எனக்கு அறுபத்தெட்டு வயது. மூணாறுப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் முப்பத்தொன்பது வருடம் கொழுந்து எடை எழுதினேன். ஓய்வுக்குப் பின் மறையூரில் நான், மனைவி கிரேஸ், மகள் என்று மூன்று பேர். கல்யாணமாகிப் பதினாறு வருடம் காத்திருந்து பெற்ற ஒரே பிள்ளை. பத்தாம் வகுப்பு.

மாலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். ஒவ்வொருவரும் சொந்த வார்த்தையில் ஜெபிப்போம். அவள் ஜெபம்தான் நீளம். கணக்குப் பரீட்சை, பக்கத்து வீட்டு ஆட்டின் கால், பஸ்ஸில் ஜன்னல் சீட் எல்லாம் கேட்பாள். "ஆண்டவருக்கு வேற வேலையே இல்லையா பிள்ள?" என்று கிரேஸ் சிரிப்பாள். திடீரென்று எல்லாம் நின்றது. வெறும் "ஆமென்" மட்டும். தட்டில் பாதிச் சோறு மிச்சம். போன் மட்டும் கையை விட்டு இறங்கவில்லை.

நான் நச்சரித்தேன். எத்தனை மணி நேரம் பார்த்தாய், யார் அனுப்பினார்கள், ஏன் முகம் இப்படி இருக்கிறது? ஒரு நாள் போனைப் பிடுங்கினேன். ஏழு முறை எதையோ அழுத்தியதில் அது கொஞ்ச நேரம் பூட்டிக்கொண்டது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"கொழுந்த எடை போடுத மாதிரி பிள்ளைய எடை போட்டா எப்படிப் பேசுவா?" என்றாள் கிரேஸ்.

அதற்குப் பின்தான் முழங்காலில் நின்றேன். 'ஆண்டவரே, அவள் என்னைத் திட்டினாலும் போதும். ஒரு வார்த்தை பேச வையும்.' அவ்வளவுதான் என் ஜெபம். சாயங்காலம் பஸ் வந்து நின்றதும் வாசலில் போய்க் காது கொடுப்பேன். இறங்கும் பிள்ளைகளின் சத்தம் ரோடு முழுக்கக் கேட்கும். அதில் அவள் சத்தம் இருக்காது. ஒரு குரலுக்காக மனுஷன் இவ்வளவு ஏங்க முடியும் என்று எனக்கு முன்பு தெரியாது.

இருபத்து மூன்றாம் நாள் சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் ஜெபக் குழு உண்டு. இருநூற்று நாற்பத்து மூன்று பேர். அதில் எனக்கு முகம் தெரிந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர்தான். ஜனவரியில் அவள் பரீட்சைக்காக அதில் ஒரு விண்ணப்பம் போட்டிருந்தேன். இப்போது அவள் மௌனத்துக்காக இன்னொன்று எழுத உட்கார்ந்தேன். எழுத்தெழுத்தாகத் தட்டுவேன், தட்டுவதை வாய்விட்டு வாசிப்பேன். "அன்பான ஜெப வீரர்களே, என் மகள்..."

உள்ளிருந்து ஓடி வந்தாள்.

"அதுல போடாதீங்கப்பா! அவன் அதுலதான் இருக்கான்!"

"எவன்மா?"

"நீங்கதானே என் நம்பரக் குடுத்தீங்க?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். புறாப் படம் போட்ட ஒரு 'சகோதரி' அவளுக்காக உபவாசம் இருப்பதாக எழுதியிருக்கிறாள். ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டு நாற்பது நாள் பொருத்தனை செய், அதுவரை வீட்டில் யாரிடமும் மனம் விட்டுப் பேசாதே என்றிருக்கிறாள். அப்புறம் படங்கள் கேட்டபோதுதான் அது சகோதரி இல்லை, ஒரு ஆண் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. மறுத்ததும், உன் பள்ளிப் படத்தையே அசிங்கமாக மாற்றி ஊருக்கு அனுப்புவேன் என்று மிரட்டியிருக்கிறான்.

"பொருத்தனைய உடைச்சா உங்க இருதயம் நின்னு போகும்னான். இப்போ சொல்லிட்டேனே. நெஞ்சு வலிக்காப்பா?"

என் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள்.

ஜனவரி விண்ணப்பத்தைத் தேடி எடுத்தேன். பெயர், வகுப்பு, பள்ளி, சீருடையில் ஒரு படம், யாராவது ஆறுதல் சொல்லட்டும் என்று அவள் எண், கூடவே எனக்கு நடந்த இருதய ஆபரேஷன். ஆறு விவரங்கள். ஆறையும் என் விரல்தான் தட்டியிருக்கிறது. என்னைச் சாகவிடக் கூடாது என்றுதான் பிள்ளை வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஆண்டவருக்கு நம்ம பிள்ளைய அடையாளம் தெரியாதாக்கும்? படத்தையும் ஒட்டி, பள்ளிக்கூடப் பேரையும் எழுதி!" என்றாள் கிரேஸ். அவளும் அழுதாள்.

"மன்னிச்சிரு தாயீ" என்றேன் மகளிடம். அறுபத்தெட்டு வயதில் ஒரு பிள்ளையிடம் அப்படிக் கேட்பது அதுவே முதல் முறை.

அன்றே மூவரும் ஸ்டேஷனுக்குப் போய்ப் பராதி எழுதிக் கொடுத்தோம். "மோளே, நீ ஒண்ணும் தப்பு பண்ணல. மெசேஜ் எதையும் அழிக்காத" என்றார் அங்கிருந்த பெண் போலீஸ். மூன்றாம் வாரம் அவனைக் கண்டுபிடித்தார்கள். எந்தப் படமும் எங்கும் போகவில்லை. குழுவில் இருந்த பிள்ளைகளின் படங்களையும் எண்களையும் நீக்கச் சொன்னேன். நீக்கினார்கள்.

அவளைப் பேசச் செய்யும் என்று கேட்டேன். எனக்கு விரோதமாகவே அவளைப் பேச வைத்து என் ஜெபத்துக்குப் பதில் தந்தார். அவருக்கு நன்றி. இப்போதும் சில நாட்களில் அவள் பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுகிறாள். மீதிக்காகக் காத்திருக்கிறேன், நச்சரிப்பதில்லை. பெற்றோரே, நீங்களும் அவரை நம்புங்கள். பிள்ளையின் பெயரை அவர் பாதத்தில் வையுங்கள், முகம் தெரியாத கூட்டத்தின் நடுவில் வைக்காதீர்கள்.

அனுப்பும் முன் இதை மகளிடம் கொடுத்தேன். தன் பெயரையும் பள்ளியையும் அடித்தாள். அவள் அழுததைப் பற்றி நான் எழுதிய நான்கு வரிகளையும் அடித்தாள். அப்புறம் கீழே தானாகவே ஒன்று எழுதிச் சேர்த்தாள். அதை அப்படியே விடுகிறேன்:

"அப்பா அன்னைக்கு என்னைத் திட்டல. அதனாலதான் மிச்சத்தையும் சொன்னேன்."