எந்தச் சாமைங்க?

அரசு அலுவலகப் படியில் கால் வைத்தால் எனக்கு உடனே ஒன்றுக்கு முட்டும். அதோடு நின்றால் பரவாயில்லை. வாயும் திறந்துகொள்ளும். எதிரில் இருப்பவர் கேள்வி கேட்டால், அது என்னிடம் கேட்ட கேள்விதானா என்றுகூடப் பார்க்காமல் பதில் சொல்லிவிடுவேன். ஒருமுறை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாளிடம் கணவர் பெயரைக் கேட்டார்கள். நான் என் பெயரைச் சொன்னேன். அந்த அம்மாள் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட ஆளைத்தான் ரிக்காரர் தன் மகளுடைய சாதிச் சான்றிதழ் விசாரணைக்குத் துணையாகக் கூட்டிப்போனார்.

நான் மல்லசமுத்திரத்தில் பம்ப் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஊரில் எனக்குப் பெயரே பாய்தான். ரிக்காரர் எங்கள் அடுத்த தெரு. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர். அவர் துளை போட்ட கிணற்றில் என் மோட்டார் இறங்கும், அது புகைந்தால் இருவரும் சேர்ந்து திட்டு வாங்குவோம். பதினைந்து வருடப் பழக்கம் அப்படி வந்தது.

அவர் கொல்லிமலைக்காரர், மலையாளி. கேரளத்து மலையாளி இல்லை. கொல்லிமலை, சேர்வராயன்மலை, கல்வராயன்மலை எல்லாவற்றிலும் வாழ்கிற பழங்குடி மக்களுக்கு அரசாங்கக் காகிதத்தில் அதுதான் பெயர். இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்திருந்தும், பழகிய புதிதில் அவரிடம் 'ஓணத்துக்கு ஊருக்குப் போகலீங்களா?' என்று கேட்டவன் நான். அவர் கொஞ்சம் யோசித்து, 'அது எந்த ஊருங்க?' என்றார்.

அவருடைய மகளுக்கு இந்த வருடம் கால்நடை மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்தது. பழங்குடியினர் ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். சான்றிதழை அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். சான்றிதழுக்குப் போட்ட விண்ணப்பமோ பாதி வழியில் படுத்திருந்தது. அதன்மேல் யாரோ ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள்: மனுதாரர் சமவெளியில் வசிக்கிறார், நேரில் விசாரிக்கவும். ரிக்காரர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், ரிக் வேலைக்கென்று மலையிறங்கி இருபத்திரண்டு வருடம். அவருக்கே சான்றிதழ் கிடையாது, தேவைப்பட்டதும் இல்லை. பாறைக்குச் சாதிச் சான்றிதழ் காட்டித் துளை போடுவதில்லை.

"பாய் மாமா, நீங்க கூடப் போங்க" என்றாள் அந்தப் பெண். "அப்பா ஆபீசரைக் கண்டா ஊமையாயிருவாரு. நீங்கன்னா பேசிக்கிட்டே இருப்பீங்க."

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் சொன்னேன். "உங்களுக்கு நம்ம ஊட்டுக் கதவு நம்பரே தெரியாது" என்றாள் என் மனைவி. "அந்தப் புள்ள சீட்டோட வெளையாடாதீங்க."

விளையாடக் கூடாது என்றுதான் படித்தேன். இந்த மாதிரி விசாரணைகளில் வழிபாடு என்ன, கல்யாணம் எப்படி, பண்டிகை என்ன என்று கேட்பார்களாம். இரண்டு நாள் கடையை மூடிவிட்டுக் கைபேசியில் தேடினேன். மலையாளி என்று போட்டால் வந்ததையெல்லாம் நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். மாலையில் ரிக்காரரை ஸ்டூலில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். அவர் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார். முந்தின நாள்தான் ஆந்திராவிலிருந்து வண்டியோடு வந்திருந்தார். அவர் தூங்கத் தூங்க எனக்குப் பாடம் நன்றாக ஏறியது.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். நான் இரண்டு முறை பின்பக்கம் போய்வந்துவிட்டேன். மூன்றாம் முறை எழுந்த நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது: "மல்லசமுத்திரம் மனு."

எழுந்து நின்றிருந்தது நான். ஆகவே நானே முன்னால் போனேன்.

உள்ளே விசாரணை அதிகாரி, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். கோப்பிலிருந்து தலை தூக்காமல் "உட்காருங்க" என்றார். மேஜைக்கு எதிரில் ஒரே நாற்காலிதான் இருந்தது. உட்கார்ந்தேன். ரிக்காரர் சுவரோரம் கைகட்டி நின்றார்.

"கீழ வந்து எத்தனை வருஷம்?"

அந்த நிமிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது: மேடம், நான் துணைக்கு வந்தவன். சொன்னது: "இருபத்திரண்டு வருஷமுங்க."

பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. கேள்வி வந்தது, பதில் கையில் இருந்தது, கொடுத்துவிட்டேன். அவரும் எழுதிக்கொண்டார்.

"என்ன தொழில்?"

"ரிக் வண்டியில டிரில்லருங்க." என் கையைப் பார்த்தேன். காயில் கட்டும் வார்னிஷ் நகக்கண்ணில் மினுங்கியது. மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன்.

"உங்க மலையில என்ன சாமி கும்பிடறீங்க?"

நோட்டில் முதல் பக்கம். "சேர்வராயனும் காவேரியம்மனும் மேடம். மலை உச்சியில குகைக்குள்ள இருக்குதுங்க. பரம்பரை பரம்பரையா நாங்க அங்கதான்."

பேனா நின்றது. சொல்லி முடித்த பிறகுதான் எனக்கும் உறைத்தது. ஐந்து வேளை தொழுகிற குடும்பத்துப் பிள்ளை, பரம்பரையையே மலை மாற்றிக் குடிவைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு எந்த முகத்தோடு போவது என்ற யோசனை ஒரு பக்கம் ஓடியது. இன்னொரு பக்கம், பதிலைத் தெளிவாகச் சொன்னதில் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. மனிதன் என்ன பிறவியோ.

சுவரோரத்திலிருந்து மெதுவான குரல். "பாய், அது ஏற்காட்டுக்காரங்க சாமிங்க. நாம கொல்லிமலைங்க."

அம்மையார் இப்போதுதான் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "பாயா?"

தலைக்குமேல் மின்விசிறி லொடலொடத்தது. உள்ளே புஷ் தேய்ந்து போயிருக்கிறது, மாற்ற வேண்டும் என்று தோன்றியது. அந்த நேரத்திலும் அப்படித்தான் தோன்றியது.

"மனுதாரர் யாரு?"

"அவருங்க."

"நீங்க யாரு?"

"மோட்டார் காயில் கட்றவனுங்க மேடம்."

"அப்ப ஏன் நீங்க பதில் சொன்னீங்க?"

"கேட்டீங்களேங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை. "மனப்பாடம் பண்ணின பதில் இந்த மேஜைக்குத் தினமும் வருது. போலிச் சான்றிதழ் கேட்டு வர்றவங்கதான் இப்படி ஒப்பிப்பாங்க. ஆள் மாறி உட்கார்ந்து ஒப்பிச்சது இன்னைக்குத்தான் மொத தடவை. இதை அப்படியே எழுதினா அந்தப் பொண்ணு மனு தள்ளுபடி. தெரியுமா?"

தெரியவில்லை. இப்போது தெரிந்தது. என்னை எந்தப் பிரிவில் உள்ளே வைப்பார்கள் என்று முதலில் நினைத்தேன். அந்தப் பெண் வீட்டில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. வரிசை தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது வந்த பிறகு முதலாவது போய்விட்டது. சிறுநீர்கூட முட்டவில்லை.

நான் எழுந்தேன். ரிக்காரர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார்.

"நீங்க சொல்லுங்க. உங்க பாரம்பரியப் பழக்கவழக்கங்கள் என்னென்ன?"

ரிக்காரர் என்னைப் பார்த்தார். அறுநூறு அடியில் பாறையா மண்ணா என்று சத்தத்தை வைத்தே சொல்லும் மனிதர். "அப்புடியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

"கல்யாணம் எப்படிப் பண்ணுவீங்க?"

"எல்லாரும் பண்றாப்லதானுங்க."

"பாரம்பரியத் தொழில்?"

"ரிக்குங்க."

அம்மையார் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் ஒரு சீட் போய்க்கொண்டிருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. பேசக் கூடாது என்று உதட்டைக் கடித்தேன். உதடு வலித்தது, வாய் திறந்துகொண்டது. "சாமை போடுவாங்க மேடம். மார்கழியில வெதைப்பாங்க."

"மார்கழியிலயா?" ரிக்காரர் முழு உடம்போடு திரும்பினார். "எந்தச் சாமைங்க பாய்?"

"சாமைன்னா சாமைதான்."

"அதெப்பிடிங்க? கட்டவெட்டியா, மல்லியச்சாமையா, பெருஞ்சாமையா? கட்டவெட்டி வெரசா வந்துரும், பெருஞ்சாமை நிதானமா வரும். எதா இருந்தாலும் கோடை மழ வுழுந்து மண்ணு எளகினாத்தான் வெதைக்கோணும். மார்கழியில நாங்க அறுத்துக் களத்துல போட்டிருப்பமுங்க. நீங்க சொல்றாப்ல வெதச்சா பனியில கெடந்து சாகும்."

இவ்வளவு வார்த்தைகளை அவர் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. அம்மையாரும் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "பாய், நீங்க சொல்லுங்க. மலையில பலாப்பழம் எப்படிப் பறிப்பாங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. திட்டுகிறாரா, கேலியா, நிஜமாகவே கேட்கிறாரா? "ஏறி... தள்ளிவுடுவாங்க மேடம்."

"தள்ளிவுட்டா செதறிப் போயிருமுங்க" என்றார் ரிக்காரர் வேதனையோடு. "கவுத்துல கட்டி எறக்கோணும். சரிவுல மரமிருந்தா கீழ ஒராளு நிக்கோணும். எங்கம்மா நிப்பாங்க."

"கல்யாணம், பாய்?"

"பொண்ணு ஊட்டுல சீர் செய்வாங்க. கட்டில், பீரோ..."

"ஐயோ, பாய்." ரிக்காரருக்கு வெட்கமாகவே போய்விட்டது. அம்மையாரிடம் திரும்பினார். "பொண்ணு ஊட்டுல போய்க் கேக்கறதா? மாப்ள ஊட்டுக்காரங்கதானுங்க பரிசம் போடோணும். எனக்கு எங்கப்பன் தானியமும் சேத்துக் கொண்டுபோய் வெச்சாரு. ரெண்டு வள்ளம் கொறஞ்சு போச்சுன்னு எங்க மாமன் இன்னைக்கும் சொல்லிக் காட்டுறாரு."

இப்படியே முக்கால் மணி நேரம் போனது. நான் ஒரு தப்பு சொல்வேன், அவர் பதறித் திருத்துவார், அம்மையார் எழுதுவார். நடுவில் எனக்கு ரோஷம் வந்து, நோட்டில் இருந்ததில் மிகச் சரியானது என்று நான் நம்பிய ஒன்றை எடுத்துவிட்டேன். அது கல்வராயன்மலையாம். மூன்று மலைகளையும் கலந்து ஒரே பாத்திரத்தில் கூட்டு வைத்திருக்கிறேன். ஒரு பெயருக்குள் இத்தனை மலை இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"நான் அந்தப் பக்கமெல்லாம் வேலை பார்த்திருக்கேன்" என்றார் அம்மையார். "கேட்டா சொல்ல மாட்டாங்க. தப்பாச் சொன்னா விடமாட்டாங்க."

பிறகு வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார். "மனுதாரர் சிறுதானிய வேளாண்மை மரபில் வந்தவர் என்பதும், பரிசமுறைத் திருமண வழக்கம் உடையவர் என்பதும்..." ரிக்காரர் என் பக்கம் சாய்ந்து, "யாரச் சொல்றாங்க பாய்?" என்று கேட்டார். "உங்களைத்தான் மாப்ளே" என்றேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து மீதியைக் கேட்டார். கையெழுத்துப் போடும்போது பேனாவை இரண்டு முறை சட்டையில் துடைத்தார்.

அடுத்து என் சாட்சி வாக்குமூலம். "மேற்படி சாட்சி மனுதாரரின் அடுத்த தெருவில் பதினைந்து ஆண்டுகளாக வசிப்பவர். மனுதாரரின் மலை, வழிபாடு, திருமண முறை, வேளாண்மை ஆகியவை குறித்து இவருக்கு யாதொன்றும் தெரியாது. இவர் கூறிய ஒவ்வொரு தவறையும் மனுதாரர் உடனுக்குடன் தாமாகவே திருத்தினார். கையெழுத்துப் போடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் கடையை மூடிப் படித்தவன். "மேடம், யாதொன்றும்னு... கொஞ்சம் தெரியும்னு போடலாமுங்களா?"

"கொஞ்சம் தெரியும்னா நீங்க சொல்லிக்குடுத்ததா ஆயிடும். ஒண்ணும் தெரியாதுன்னாதான் அந்தப் பொண்ணுக்கு நல்லது."

போட்டேன். பெயரை முழுசாக, இனிஷியல் இரண்டோடு. எனக்கு ஒன்றும் தெரியாது என்பதற்கு அரசு முத்திரை வைத்த ஆதாரம் இப்போது ஒரு கோப்பில் இருக்கிறது. பிறகு வீட்டில் சொன்னபோது, என் மனைவி இதற்கு நகல் கிடைக்குமா என்று கேட்டாள்.

நானும் ரிக்காரரும் வண்டியில் திரும்பினோம். சாலையோரம் ஒரு வயலைக் கடந்தபோது, "ஏனுங்க பாய், பதினஞ்சு வருசமா நாம என்னதானுங்க பேசிக்கிட்டு இருந்தோம்?" என்றார். யோசித்துப் பார்த்தேன். மோட்டார், தண்ணீர், மழை, பிள்ளைகள் மார்க், யார் வீட்டில் என்ன குழம்பு. இத்தனைக்கும் நடுவில் பெருஞ்சாமை எங்கே உட்கார்ந்திருந்தது என்று தெரியவில்லை. அவருக்கு என்னைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்க நினைத்தேன். அவர் ஏதாவது தப்பாகச் சொல்லி, எனக்குத் திருத்தத் தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன்.

சான்றிதழ் அடுத்த புதன்கிழமை மாலை வந்தது. இரண்டு நாள்தான் மிச்சம். அந்தப் பெண் என் கடைக் கணினியில்தான் ஏற்றினாள். நான் தப்பான பொத்தானையே தேடித் தேடி அழுத்துவதைப் பார்த்து, "நீங்க தள்ளி உட்காருங்க மாமா" என்று நாற்காலியை வாங்கிக்கொண்டாள். பச்சை எழுத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று வந்தது. வந்த பிறகும் அவள் திரையைக் கீழே தள்ளி மேலே தள்ளி மூன்று முறை படித்தாள். அப்புறம்தான் சிரித்தாள்.

"ஆச்சா சாமி?" என்றார் ரிக்காரர்.

"ஆச்சுப்பா."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "மலைமேல எங்கப்பன் மாடு ஒண்ணு கால் தூக்கிக்கிட்டே நிக்குது. நீ வந்து பாப்பியா?"

"அஞ்சரை வருஷம் படிக்கோணும்பா."

"அத்தன நாள் நிக்குமா?"

அவள் எந்தக் கால், வீக்கம் இருக்கிறதா, குளம்பில் புண்ணா என்று கேட்க ஆரம்பித்தாள். ரிக்காரர் அவள் தாத்தாவுக்குப் போன் போட்டார். மேலே சிக்னல் விட்டு விட்டு வந்தது. முன்னங்கால் என்றார் தாத்தா, பின்னங்கால் என்றார் பாட்டி. இரண்டு பேரும் மாட்டிடம் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னார்கள். நாங்கள் மூவரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.